சர்க்கரை இல்லாத ஹாஸ்பிடாலிட்டி ரூம்

போன மாதம் பம்பாய் செம்பூரில் நடந்த ஒரு க்ளப் மாநாட்டுக்கு என்னை விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்தார்கள். வேலையிலிருந்து நின்ற பிறகு விருந்தாளியாகப் போனது அதுதான் முதல் தடவை. நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு ஹாஸ்பிடாலிட்டி ரூமுக்குள் போனால் வாங்க என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. நடுவில் ஒரு மெஷின் நிற்கிறது. காபி வேண்டுமென்றால் முதலில் மொபைல் நம்பரைக் கொடு என்கிறது. கொடுத்தால் ஓடிபி வருமாம். அதைத் தட்டினால்தான் கப் நிறையுமாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கு வந்தவர்களிடம் ரேஷன் கார்டைக் காட்டு, அப்புறம்தான் தண்ணீர் என்று யாராவது சொல்வார்களா? காபி குடிக்காமலே கிளம்பி வந்துவிட்டேன்.

வந்த கோபத்தில் எங்கள் கேட்டரிங் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் புலம்பினேன். "அக்கா, உங்க காலத்துல ரூம் எப்படி இருந்துச்சு? வாய்ஸ் மெசேஜ் போடுங்க" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். வாய்ஸ் மெசேஜ் எனக்குச் சரிப்படாது. பேச ஆரம்பித்தால் எங்கேயோ போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது என்று எனக்குத் தெரியும். வருகிறவர்கள் வராதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ஊர்ப்பேர் தவிர மற்ற பேர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன்.

நான் தாராவிக்காரி. எங்கள் ஆட்கள் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகிச் சில வருஷங்களில் மாட்டுங்காவில் லலிதா மாமியின் கேட்டரிங்கில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். அப்புறம் காய் நறுக்கினேன், பந்தி பரிமாறினேன். ஒருநாள் ரூம் பார்க்கும் பெண் வராமல் போகவே, "உனக்குச் சேலை மடிப்பு நன்னா நிக்கறது, நீ வா" என்று மாமி என்னை இழுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை ரூம்தான் என் வேலை.

ரூம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரத்ததானம், கண் முகாம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் என்று செய்கிற க்ளப்புகள் பம்பாயில் நிறைய உண்டு. வியாபாரிகள், டாக்டர்கள், ஆபீசர்கள் அதில் மெம்பர்கள். வருஷத்துக்கு ஒரு முறை எல்லாக் கிளைகளும் கூடி மாநாடு நடத்துவார்கள். பெரிய ஹாலில் பேச்சு நடக்கும். ஹாலைச் சுற்றியுள்ள அறைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, வருகிறவர்களுக்குக் காபி, டிபன் கொடுத்து உட்காரவைத்துப் பேசுவார்கள். அதுதான் ஹாஸ்பிடாலிட்டி ரூம். அடுத்த வருஷத் தலைவர் பதவிக்கு நிற்கிறவர்களுக்கு இந்த ரூம்தான் உயிர். பேச்சைக் கேட்டு ஓட்டுப் போட்டவரை நான் பார்த்ததில்லை. யார் ரூமில் உட்கார்ந்து சாப்பிட்டாரோ அவருக்குத்தான் ஓட்டு.

லலிதா மாமி பாலக்காட்டுக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் மாட்டுங்கா. குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தால் ஆளுக்கு ஒரு மூலையில் வேலை தேடிக்கொள்வோம். ரூமுக்குப் போன முதல் நாளே எனக்கு அந்தத் துடைப்பு கிடைத்தது. ஒரு பெரியவர் இன்னொரு வடை கேட்டார். "தீந்துபோச்சு சார்" என்று சொல்லிவிட்டேன். மாமி என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தீந்துபோச்சுங்கறது நம்ம ரூம்ல சொல்ற வார்த்தையாடி? 'வரது'ன்னு சொல்லு."

"வராதே மாமி. சட்டியில ஒண்ணுமில்ல."

"வடை வராட்டா பஜ்ஜி வரும். பஜ்ஜி வராட்டா நான் வந்து அவரோட பேசிண்டிருப்பேன். வந்தவாகிட்ட இல்லைன்னு சொல்லப்படாது."

அதோடு இன்னும் சில சட்டங்கள் இருந்தன. என்ன வேண்டும் என்று கேட்கக் கூடாது, காபியா டீயா என்றுதான் கேட்க வேண்டும். தட்டில் ஒரு வாய் மிச்சம் இருந்தாலும் அந்தத் தட்டை எடுக்கக் கூடாது. எதிர்க்கட்சி ரூமுக்குள் நம் ஆட்கள் கால் வைக்கக் கூடாது, அவர்கள் கொடுத்தால் தண்ணீர்கூட வாங்கக் கூடாது. கட்சி என்று மாமி விளையாட்டுக்குச் சொல்வார். ஆனால் ஓட்டு நாளன்று அவர்கள் முறைத்துக்கொள்வதைப் பார்த்தால் நிஜக் கட்சிக்காரர்களே தோற்றுப்போவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் தட்டியைப் பற்றியது. ஒவ்வொரு ரூமிலும் பின்பக்கம் ஒரு தட்டி வைத்து மறைத்திருப்போம். அங்கேதான் எங்கள் அடுப்பும் பாத்திரமும். ரூம் நடத்தும் குடும்பத்துக்காரர்கள் சேலை சரிசெய்வதும், மாத்திரை போடுவதும், சண்டை போடுவதும் அங்கேதான். தோற்றுப்போன ஒருவர் தட்டிக்குப் பின்னால் வந்து, சாம்பார் அண்டா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுததை நான் பார்த்திருக்கிறேன். முகம் கழுவித் துண்டு வாங்கித் துடைத்துக்கொண்டு, ஜெயித்தவரைக் கட்டிப்பிடிக்கச் சிரித்த முகத்தோடு போனார். "தட்டிக்குப் பின்னால பாத்தது பின்னாலயே கிடக்கட்டும்" என்பார் மாமி. நாங்களும் அப்படியே கிடக்கவிட்டோம். ராமநாதன் சார் ரூம்வரைக்கும்.

ராமநாதன் சாருக்கு அம்பர்நாத்தில் ஃபாக்டரி, மாட்டுங்காவில் வீடு. ஆள் நல்ல உயரம், பேச்சில் சர்க்கரை. இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, கேட்டவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த வருஷம் க்ளப் எடுத்துக்கொண்ட சேவையே சர்க்கரை நோய்தான். ஊர் ஊராக முகாம், பேரணி, பலூன். அதற்குக் கமிட்டித் தலைவர் இவர். போகிற இடமெல்லாம் ஒரே கதையைச் சொல்வார். என் மனைவி வருஷக்கணக்காக இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள், நடையாலும் சாப்பாட்டாலும் சர்க்கரையை விரட்டினாள், ஊசியைத் தூக்கி எறிந்துவிட்டாள் என்பார். ஜனங்கள் கைதட்டுவார்கள். அவரும் மனைவி ஹேமா மேடமும் கான்வாஸ் ஷூ போட்டு நடக்கிற மாதிரி ஒரு பெரிய பேனர். தலைவர் பதவிக்கு நின்றபோது அதுதான் அவருடைய பலம். எங்கள் மார்பில் குத்திக்கொள்ளும் பாட்ஜில்கூட அந்தப் படம்தான்.

அதனால் அந்த மாநாட்டில் கமிட்டி ஒரு உத்தரவு போட்டது. எந்த ரூமிலும் சர்க்கரை இருக்கக் கூடாது. வெல்லம், தேன், ஜூஸ் எதுவும் ஆகாது. பழம்கூட வேண்டாம், வெள்ளரிக்காய் வையுங்கள் என்றார்கள். கல்யாண வீட்டில் பாயசம் கிடையாது என்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. மாமி மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். இட்லி, சாமை உப்புமா, சுண்டல், உப்புப் போட்ட மோர். டீக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் பொட்டலமாகச் சர்க்கரைக்குப் பதிலாகப் போடுகிற மாத்திரை. மாட்டுங்காவிலிருந்து டெம்போவில் ஏற்றும்போது மாமி ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார். பழக்க தோஷத்தில் யாரோ வைத்திருந்த ஒரு சர்க்கரை டப்பாவை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார். அந்த டப்பாவை நான் இன்னும் மறக்கவில்லை.

ஓட்டு நாள் காலையில் ஹேமா மேடம் சீக்கிரமே வந்துவிட்டார். அரக்கு நிறப் பட்டு, தலையில் மல்லிகை. ஒல்லியான ஆள், மெதுவாகப் பேசுவார். வந்ததும் தட்டிக்குப் பின்னால் வந்து, "செல்வி, கொஞ்சம் மறைச்சு நில்லேன்" என்றார். நான் முதுகைக் காட்டி நின்றேன். பழக்கமாக ஒரு கண் திரும்பிவிட்டது. கைப்பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்து, சேலையை விலக்கி வயிற்றில் வைத்து அழுத்தினார். என் அத்தைக்கும் சர்க்கரைக்கு அதே பேனா ஊசிதான். வெளியே பேனரில் ஊசியைத் தூக்கி எறிந்தவர், உள்ளே என் முதுகுக்குப் பின்னால் ஊசி போட்டுக்கொள்கிறார்.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். "யார்ட்டயும் சொல்லிடாதே" என்றார். அதட்டலாக இல்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொஞ்சம் நகருங்கள் என்று சொல்வது மாதிரி சொன்னார்.

"நான் ஏம்மா சொல்லுதேன்? முதல்ல சாப்பிடுங்க. ஊசி போட்டுட்டுச் சும்மா இருந்தா சக்கரை ஒரேயடியா இறங்கி ஆளைச் சாய்ச்சிரும்" என்று தட்டில் இட்லி வைத்துக் கொடுத்தேன்.

அவர் தட்டைக் கையில் வாங்கினார். அதற்குள் வெளியிலிருந்து சார் குரல் கொடுத்தார். கல்யாண் கிளை ஆட்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து இறங்கிவிட்டார்கள். மேடம் தட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பன்னீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இந்த ரூம்களில் ஒரு வழக்கம் உண்டு. வேட்பாளரின் வீட்டம்மா வாசலில் நின்று பன்னீர் தெளித்து வரவேற்க வேண்டும், ஓட்டு முடியும்வரை விருந்தாளிகள் முன்னால் ஒரு வாய்கூடச் சாப்பிடக் கூடாது. வந்தவர்கள் பசியாறாமல் வீட்டுக்காரி பசியாறினால் ஓட்டு ஓடிவிடும் என்பார்கள். படித்தவர்கள்தான், ஆனாலும் அதை மட்டும் யாரும் மீற மாட்டார்கள். தட்டிக்குப் பின்னால் வந்து சாப்பிடலாம், தடையில்லை. வருவதற்கு யார் விட்டார்கள்? கல்யாண் போனால் உல்லாஸ்நகர், உல்லாஸ்நகர் போனால் டிராம்பே. ஒவ்வொரு கூட்டம் போனதும் நான் தட்டியை விலக்கிக் கண்ணைக் காட்டுவேன். மேடம் இதோ என்பார். அதற்குள் சார், "ஹேமா, இவாளைத் தெரியறதா?" என்று அடுத்தவரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துவார். மூடி வைத்த தட்டு மூடினபடியே இருந்தது.

முதலில் வேர்வையைத்தான் பார்த்தேன். ஏசி ஓடுகிறது, இவருக்கு மட்டும் நெற்றியிலிருந்து வழிகிறது. அப்புறம் ஓர் ஆளுக்குப் பன்னீர் தெளித்தவர், அதே ஆளுக்குத் திரும்பத் தெளித்தார். இன்னும் ஒரு தடவை தெளித்தார். அவர் சட்டையெல்லாம் நனைந்து சிரித்துக்கொண்டே ஒதுங்கினார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அடுத்து உல்லாஸ்நகர்க்காரர் ஒருவர் கையைக் கூப்பிக்கொண்டு வந்தார். மேடம் அவரை உற்றுப் பார்த்து, "நீங்க யாரு? எங்காத்துல வந்து என்ன பண்றேள்?" என்று கேட்டுவிட்டார். அவருக்குத் தமிழ் புரியாவிட்டாலும் அந்தக் குரல் புரிந்துவிட்டது. "காலங்காத்தாலயே ஏத்திட்டாங்களா?" என்று எனக்குப் பின்னால் யாரோ இந்தியில் முணுமுணுத்துச் சிரித்தார்கள். பச்சைத் தண்ணீரைக்கூட யோசித்துக் குடிக்கிற மனுஷியைப் பார்த்து இப்படி ஒரு பேச்சு.

சார் சிரித்துக்கொண்டே மேடத்தின் தோளைப் பிடித்துத் தட்டிக்குப் பின்னால் கூட்டி வந்து நாற்காலியில் உட்காரவைத்தார். "கேஸ் ட்ரபிள். கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும். நீங்க வெளியில கவனிங்கோ" என்றார். மேடத்தின் கை நடுங்கியது. கண் எங்கேயோ பார்த்தது. மாமி ஒரு பார்வை பார்த்தார், சாரிடம் ஒன்றும் கேட்காமல் நேராக ஹாலுக்குப் போய் ஒரு டாக்டரம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டார். டாக்டர் தேஷ்பாண்டே என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரும் க்ளப் மெம்பர்தான். மேடத்தின் கையைத் தொட்டார், கன்னத்தைத் தட்டிப் பேர் கேட்டார். மேடம் என்னவோ குழறினார். டாக்டர் நிமிர்ந்து சாரைப் பார்த்து இந்தியில் கேட்டார். "இன்சுலின் லேதீ ஹை க்யா?"

ஊசி போட்டுக்கொள்கிறாரா, அவ்வளவுதான் கேள்வி. தட்டிக்கு அந்தப் பக்கம் விருந்தாளிகள் உப்புமா சாப்பிடும் சத்தம் கேட்கிறது. சார் ஒருமுறை தட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நஹீ. கப் கா பந்த் கர் தியா" என்றார். இல்லை, எப்போதோ நிறுத்திவிட்டாள் என்று.

நான் வாழ்க்கையில் எத்தனையோ பார்த்தவள். மழை வெள்ளத்தில் எங்கள் சந்தே மிதந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த 'நஹீ'யைக் கேட்டபோது அதிர்ந்ததுபோல் எதற்கும் அதிர்ந்ததில்லை. கட்டின பெண்டாட்டி கண் முன்னால் வேர்த்து வழிந்து தலை சாய்கிறாள். காப்பாற்ற வந்தவர் கேட்கிறார். இந்த மனுஷன் ஓட்டுக்காக இல்லை என்கிறார். இவருக்குத் தெரியாமல் மேடம் ஊசி போட்டுக்கொண்டாரோ என்று ஒரு கணம் நல்லபடியாக நினைத்துப் பார்த்தேன். ஆனால் சாரின் கண் நேராக மேடத்தின் கைப்பையின் மேல் போனது. போய், அங்கேயே நின்றது. அவருக்குத் தெரியும்.

டாக்டர் நெற்றியைச் சுருக்கி, வேறு என்னவாக இருக்கும் என்று நாடியைப் பார்க்க ஆரம்பித்தார். சொல்லாதே என்று அந்தம்மா கேட்டது ஒரு பக்கம், மாமியின் தட்டிச் சட்டம் ஒரு பக்கம். மேடத்தின் தலை என் இடுப்பில் வந்து சாய்ந்தது. அதற்கப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது?

"சார் பொய் சொல்லுதாவ டாக்டரம்மா! அம்மா காலையிலதான் ஊசி போட்டாவ. நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன். போட்டுட்டு ஒரு வாய் சாப்பிடல. இந்தா, தட்டு அப்படியே இருக்கு!"

கத்தித்தான் சொன்னேன். ஆனால் பதற்றத்தில் எங்கள் ஊர்த் தமிழில் கத்தியிருக்கிறேன். டாக்டருக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை, என் வாயையே பார்க்கிறார். எனக்கு இந்தி நன்றாக வரும், அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. சார் முந்திக்கொண்டார். "குச் நஹீ டாக்டர், டர் கயீ ஹை" என்றார். ஒன்றுமில்லை, பயந்துபோய் உளறுகிறாள் என்று.

அப்போது மாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றவில்லை. எச்சில் விழுங்கக்கூட நிற்கவில்லை. எங்களுக்குக் காசு கொடுக்கிற சாரின் முகத்தைப் பார்த்தபடியே, கடையில் மளிகை சொல்லுகிற குரலில், நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் இந்தியில் டாக்டருக்குச் சொன்னார். காலையில் ஊசி போட்டாள், இவள் பார்த்தாள், அதற்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை, இவர் சொல்வது பொய். பொய் என்பதையும் விடவில்லை. தட்டிக்குப் பின்னால் கிடக்கட்டும் என்று ஆயுசு முழுக்கச் சொன்ன மாமி!

டாக்டர் சாரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சக்கரை! சீக்கிரம், தண்ணியில கரைச்சுக் குடுங்க. இட்லி வேண்டாம், மெல்ல மாட்டாங்க" என்று இந்தியில் சொன்னார்.

நான் மாமியைப் பார்த்தேன். மாமி என்னைப் பார்த்தார். அண்டா, டப்பா, கூடை எல்லாம் நிறைந்த சமையல்கட்டில், சர்க்கரை நோய்க்காக மாநாடு நடத்துகிற இடத்தில், ஒரு சர்க்கரை நோயாளியைக் காப்பாற்ற ஒரு சிட்டிகை சர்க்கரை இல்லை. "இல்ல மாமி, ஒண்ணுமே இல்ல" என்றேன். ரூமில் சொல்லக் கூடாத வார்த்தை. அவரும் ஆமாம் என்று தலையை ஆட்டினார். டீக்கு வைத்த மாத்திரைப் பொட்டலத்தை நீட்டினேன், இதில் சர்க்கரையே கிடையாது என்று டாக்டர் வாங்கிப் பார்த்து வீசி எறிந்தார்.

அப்போது சார் ஒரு காரியம் செய்தார். அதையும் எழுதத்தான் வேண்டும். கைக்குட்டையை எடுத்து மேடத்தின் நெற்றியைத் துடைத்தார். "எங்கேயாவது போய்க் கொண்டு வாயேன், ஓடேன்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். குரல் உடைந்துவிட்டது. அதே வாய்தான் சற்று முன்னால் இல்லை என்றது. எது நிஜம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இரண்டும் நிஜமாக இருந்துவிட்டால் அதைவிடப் பயங்கரம்.

ஓடினேன். கீழே டீக்கடைக்குப் போய் வர நேரமாகும். எதிரில் இன்னொரு வேட்பாளரின் ரூம். அங்கே பரிமாறுகிறவர் பாண்டி அண்ணன், தாராவியில் எங்கள் சந்துக்கு அடுத்த சந்து. வாசலில் 'சர்க்கரை இல்லா அறை' என்று போர்டு தொங்கியது. ஆனால் காலையில் அந்தப் பக்கம் தண்ணீர்க் கேன் எடுக்கப் போனபோதே ஏலக்காய் போட்ட பாகு வாசனை என் மூக்கில் ஏறியிருந்தது. ராமநாதன் சார் படம் போட்ட பாட்ஜோடு உள்ளே நுழைந்தேன். எல்லாரும் திரும்பி அந்தப் பாட்ஜைப் பார்த்தார்கள்.

"அண்ணே, குலாப் ஜாமூன் குடுங்க. பாகோட குடுங்க."

பாண்டி அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. சுற்றிக் கமிட்டி ஆட்கள் வேறு நிற்கிறார்கள். "ஏட்டி செல்வி, ஒனக்கென்ன கிறுக்கா? இங்க ஏதுட்டி ஜாமூன்?"

"அங்க ஓர் உசுரு போவுது அண்ணே!"

அவர் பதில் சொல்வதற்குள் மேசைத் துணியைத் தூக்கிவிட்டேன். கீழே மூடி போட்ட பெரிய பாத்திரம். வேண்டியவர்களுக்கு மட்டும் குனிந்து குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள் போல. மூடியைத் திறந்ததும் மணம் ரூம் முழுக்கப் பரவியது. சர்க்கரை ஒழிப்புக் கமிட்டியில் ஒருவர் வாயில் பாதி ஜாமூனோடு அசையாமல் நின்றார். வேறு நாளாக இருந்தால் சிரித்துச் சிரித்து வயிறு வலித்திருக்கும். கரண்டி தேடாமல் டம்ளரையே பாகுக்குள் முக்கி எடுத்துக்கொண்டு, கையெல்லாம் பிசுபிசுக்க ஓடி வந்தேன்.

டாக்டர் பாகில் வெந்நீர் கலந்து, தலையை நிமிர்த்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். முதல் வாய் வழிந்துவிட்டது. இரண்டாவது வாய் தொண்டைக்குள் இறங்கியது. நான் மேடத்தின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். பாதம் ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. டம்ளர் காலியாகிச் சற்று நேரம் கழித்து, மேடம் கண்ணை மூடித் திறந்து, "ஏலக்கா ஜாஸ்தி" என்றார். மாமி சட்டென்று திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

டாக்டர் மேடத்தின் கைப்பையைத் திறந்து ஊசியை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். வயிறு நிறையச் சாப்பிடச் சொன்னார், சாயங்காலம் அவருடைய க்ளினிக்குக்கு வந்தே ஆக வேண்டும் என்றார். சாரைத் தாண்டிப் போகும்போது மராத்தியில் என்னவோ சொன்னார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, ஆனால் சாரின் முகம் சுருங்கியது. அவரும் பின்னாலேயே வெளியே போனார். விருந்தாளிகள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தட்டிக்குப் பின்னால் நாங்கள் மூன்று பேர்தான். மேடம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"செல்வி, டாக்டர் என்னவோ கேட்டாளே. இவர் என்ன சொன்னார்?"

நான் மாமியைப் பார்த்தேன். "கேக்கறாளோன்னோ, சொல்லு" என்றார் மாமி.

"'நஹீ'ன்னு சொன்னாவம்மா."

"ம். எனக்கும் அப்படித்தான் கேட்டது."

பால் பாக்கெட் இன்று வரவில்லை என்றால் எப்படித் தலையை ஆட்டுவோமோ அப்படி ஆட்டினார். அவ்வளவுதான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"நீ ஏன் அழறே? எங்கக்கா கேட்டப்போவும் அதான் சொன்னார். பேப்பர்காரா வந்து கேட்டப்போவும் அதான் சொன்னார். டாக்டர்ட்ட மட்டும் மாத்திச் சொல்லுவாரா?"

அவர் 'நஹீ' சொன்னபோது ஒரு முறை அதிர்ந்தேன். அது இந்தம்மாவுக்கு ஆச்சரியமாகவே இல்லை என்று தெரிந்தபோதுதான் எனக்கு ஈரக்குலையே நடுங்கிவிட்டது. சாகக் கிடந்து எழுந்தவர் அவர், நடுங்குகிறவள் நான். வருஷக்கணக்காக இதையெல்லாம் விழுங்கிக்கொண்டு எப்படிப் பன்னீர் தெளிக்க முடிகிறது ஒரு மனுஷியால்?

மேடம் முகத்தைக் கழுவினார். பொட்டை நேர்செய்தார். பாகு சிந்திய முந்தானையை நான் துடைக்கப் போனால் வேண்டாம் என்றார். "அந்தத் தட்டை எடு" என்று மூடி வைத்திருந்த இட்லியைக் கையில் வாங்கிக்கொண்டு, தட்டியை விலக்கி வெளியே போனார். வாசலில் வரவேற்கும் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து, எல்லார் முன்னாலும் இட்லியைப் பிட்டு வாயில் போட்டார். சார் விரைந்து வந்தார்.

"ஹேமா, உள்ள போய்ப் படுத்துக்கோ. நான் பாத்துக்கறேன்."

மேடம் இன்னொரு விள்ளலைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் தள்ளி, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நின்ற அந்த உல்லாஸ்நகர்க்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டார். அதே வரவேற்கும் சிரிப்பு, அதே மெதுவான குரல், நல்ல இந்தி.

"மன்னிச்சுக்கோங்க பாய்சாப், உங்களை என்னவோ சொல்லிட்டேன். நான் தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கறேன். நிறுத்தினதே இல்லை. காலையில போட்டுட்டுச் சாப்பிடலை, அதான் மயக்கம் வந்துடுத்து. உக்காருங்க, காபியா டீயா?"

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அடுத்து வந்த டிராம்பேக்காரரிடமும் அதையே சொன்னார். அவருக்குப் பின்னால் வந்த பெண்களிடமும் சொன்னார். பன்னீர் தெளிப்பதுபோல ஆளுக்கு ஒரு தடவை, ஒருவரையும் விடாமல், சிரித்துக்கொண்டே சொன்னார். முதுகுக்குப் பின்னால் பேனரில் இரண்டு பேரும் நடந்துகொண்டிருந்தார்கள். சார் நாற்காலிக்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போகவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

தட்டைக் காலி செய்துவிட்டு மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"செல்வி, அவருக்கும் ஒரு தட்டு கொண்டு வா. காத்தாலேர்ந்து அவரும் ஒண்ணும் சாப்பிடலை."

கொண்டு வந்து கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். நின்றபடியே இட்லியைப் பிட்டார்.